தாயார் பெயர் என்ற கட்டம்

மார்ச் 4

காலையில் பைப் லோடு வந்தது. மூன்று பைப்பில் விரிசல். லாரிக்காரர் முனகினாலும் திருப்பி ஏற்றிவிட்டேன். மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு படைவீரர் நல அலுவலகம் போனேன். அவள் மகன் எல்லைச் சண்டையில் உயிரை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. தாய்க்கு உண்டான பென்ஷனுக்கு மனுக் கொடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன்.

குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இந்தப் பையனோட அம்மா செத்து நாலு வருஷம் ஆகுதே. இவங்க யாரு?"

தங்கை மேஜைமேல் வைத்திருந்த அவன் போட்டோவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பதில் சொல்ல வேண்டியவன் நான். "அப்புறம் வர்றோம் சார்" என்று எழுந்துவிட்டேன்.

மார்ச் 5

எழுதிப் பார்த்தால்தான் எனக்கே விளங்கும்.

தங்கையின் புருஷன் தவறியபோது பையனுக்கு ஐந்து வயது. அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவு, ஷிப்ட் வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, பையனை நான் கூட்டி வந்தேன். கடைக்குப் பின்தெருவில் நல்ல பள்ளிக்கூடம். அப்பா அம்மா இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் இடம் என்றார்கள். தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் என் மனைவியும் போனோம். தகப்பனார் கட்டத்தில் என் பெயர், தாயார் கட்டத்தில் என் மனைவி பெயர். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. சாயங்காலம் தங்கையிடம் என் சாமர்த்தியத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

சிரித்தாளா? இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டோடுதான் படையில் சேர்ந்தான். நாலு வருஷம் முன்பு என் மனைவி இறந்தபோது, அவனுக்கு லீவு கிடைக்கட்டுமே என்று மரணச் சான்றிதழை நானே அனுப்பி வைத்தேன். அங்கே "தாயார் இறப்பு" என்று ஏற்றிக்கொண்டார்கள். அவன் போன செய்தியும் என் பெயருக்குத்தான் வந்தது. பெற்றவளுக்கு நான் போய்ச் சொன்னேன்.

வீட்டில் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். காகிதத்தில்தானே என்று இருந்துவிட்டேன்.

மார்ச் 9

தனியாகப் போய்க் குமாஸ்தாவைப் பார்த்தேன். "எதுக்கு முதலாளி சுத்துறீங்க? ரெக்கார்டுல நீங்கதான் அப்பா. நீங்களே போட்டு வாங்கி அவங்க கையில குடுத்துடுங்க. யார் கேக்கப் போறா?"

எனக்குப் பிடித்த மாதிரி வழி. தாயார் கட்டத்தில் 'காலமானார்' என்றே பாரத்தை அங்கேயே நிரப்பிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே. செத்தவளுக்கு எதுக்குண்ணா பென்ஷன்?"

ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் வாளிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நான் காசா கேட்டேன்? அவனைப் பெத்தவ நான்னு அவங்க ஒரு காகிதம் தரணும். அவ்வளவுதான்."

சத்தம்கூட உயரவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 10

பாரத்தைக் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 17

வக்கீலைப் பார்த்தேன். பொய்த் தகவல் கொடுத்தேன் என்று நானே பிரமாணம் எழுதித் தர வேண்டும். பேப்பரில் விளம்பரம் போட வேண்டும். வழக்கு வரலாம், வராமலும் போகலாம். "வியாபாரிகள் சங்கச் செயலாளர் வேற நீங்க, யோசிச்சுச் செய்யுங்க" என்றார். பெற்றதற்கு ஆதாரமும் வேண்டுமாம். பிறப்பை அப்போது யாரும் பதிவு செய்யவில்லை; அவன் பிறந்த ஆஸ்பத்திரியையும் இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது வண்டிகள் நிறுத்துகிறார்கள்.

திரும்பி வரும்போது நவம்பரில் சங்கம் நடத்திய அஞ்சலிக் கூட்டம் ஞாபகம் வந்தது. மேடையில் "வீரனின் தந்தை" என்று என்னைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். தங்கை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கைதட்ட அவளும் தட்டினாள். மைக் என் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்ல எது தடுத்தது? பழைய பொய் வெளியே வந்துவிடும் என்ற பயமா? அதுகூட இல்லை. பிடித்திருந்தது. அதுதான் நிஜம்.

மார்ச் 28

பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 2

பேப்பரில் வந்துவிட்டது. பெயின்ட் கடைக்காரர் கடைக்கே வந்து, "இத்தனை வருஷமா எங்க காதுல பூ சுத்தியிருக்கீரே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். செயலாளர் பதவி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் இரு என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 6

தங்கை போன் செய்தாள். பேப்பர் பார்த்தாளாம். சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

ஏப்ரல் 22

படையிலிருந்து பையனின் பைல் நகல் வந்தது. வக்கீலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதைவிட என்ன சார் ஆதாரம் வேணும்" என்று ஒரு தாளை நீட்டினார்.

போன ஆகஸ்டில் அவன் கைப்பட எழுதிய லீவு விண்ணப்பம். தாயாருக்குக் கண் ஆபரேஷன், பத்து நாள் விடுப்பு வேண்டும். ஆஸ்பத்திரி பெயர், தங்கையின் பெயர், எல்லாம் இருக்கிறது. அதன் கீழே சிவப்பு மையில் வேறு யாரோ எழுதியது: தாயார் இறந்ததாகப் பதிவு. பொய்க் காரணம். விளக்கம் கேட்டும் பதில் இல்லை. விடுப்பு மறுப்பு. பதினான்கு நாள் தண்டனை.

வக்கீல் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

பதில் ஏன் இல்லை? செத்தது என் அத்தை, என் அம்மா உயிரோடு இருக்கிறாள் — இவ்வளவு சொன்னால் போதுமே. சொல்லியிருந்தால் பள்ளிக்கூடத்தில் பொய் எழுதியது யார் என்று தோண்டியிருப்பார்கள். என்னிடம் வந்திருப்பார்கள். அதுக்குத்தானேடா வாயை மூடிக்கிட்டு இருந்தே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?

ஆபரேஷன் அன்றைக்குப் போனில் அவனை நானும் பிடித்துக்கொண்டேன். பெத்தவளைவிட உனக்கு என்னடா பெரிய வேலை என்று. "லீவு கிடைக்கல மாமா" என்றான். தங்கை கோபத்தில் மூன்று வாரம் அவன் போனையே எடுக்கவில்லை. அக்டோபரில் போய்விட்டான்.

ஏப்ரல் 24

இரண்டு நாளாக ஒரே யோசனை. தாளை வக்கீல் நேராகத் தாக்கல் செய்துவிடுவார், தங்கை பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டைச் சாமானை அட்டைப்பெட்டியின் அடியில் வைத்து மேலே நல்லதை அடுக்குகிற புத்தி. அந்தப் புத்திதான் இவ்வளவும் செய்தது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு சிவப்பு மைக்கு வந்தாள்.

"பதினாலு நாள்" என்றாள். தாளை மடித்துக்கொண்டே, "அப்பத்தான் நான் போனை எடுக்கல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ போண்ணா."

மே 2

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மே 19

எடுக்கவில்லை.

ஜூலை 11

வக்கீல் சொல்லித்தான் தெரியும். பென்ஷன் ஆர்டர் வந்துவிட்டது, நேராக அவள் விலாசத்துக்கே. தாயார் கட்டத்தில் தங்கையின் பெயர். தகப்பனார் கட்டத்தில் அவள் புருஷன் பெயர். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், வழக்கு இல்லை. பையனின் பைலில் என் பெயர் இனி எங்கேயும் இல்லையாம். திருத்தமான வேலை என்றார் வக்கீல். ஆமாம் என்றேன்.

நவம்பர் 3

ஒருவர் பைப் வளைவுக்கு எல்போ அளவு கேட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் வாசலில் தங்கை. இளைத்திருந்தாள். கூட அவள் கம்பெனி சூப்பர்வைசர் அம்மாவும்.

"வருஷா வருஷம் உசிரோட இருக்கேன்னு நேர்ல போய்க் காட்டணுமாம். கூட வர்றியா?"

ஷட்டரை இழுத்தேன். தெருவில் நடக்கும்போதே சொல்லிவிட்டாள்: "சாட்சிக் கையெழுத்து இவங்க போடுவாங்க. நீ போட வேண்டாம்."

சரி என்றேன்.

குமாஸ்தா புது ஆள். அவளிடம் பெயர் கேட்டார், மகன் பெயர் கேட்டார், "தாயாருங்களா?" என்றார். "தாயார்தான்" என்றாள். அந்த அம்மா ஒரு கையெழுத்துப் போட்டார். பிறகு குமாஸ்தா என் பக்கம் பேனாவை நீட்டி, இவர் யார் என்றார்.

"எங்கண்ணன்" என்றாள் தங்கை. அவர் பேனா காத்திருந்தது. "பையனுக்குத் தாய்மாமன்."

பாரத்தில் அதற்கு இடம் இல்லை. வெளியே இருந்த பெஞ்சைக் காட்டினார். போய் உட்கார்ந்துகொண்டேன்.