மண்சுவரும் ஐப்பசி மழையும்

என் உயிரான மச்சானுக்கு,

அட்டுவம்பட்டியில் நீங்கள் எழுப்பிவிட்டுப் போன வீட்டுக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நலமா என்று கேட்க வாய் வருகிறது. இனி அதை யாரிடம் கேட்பது?

நீங்கள் வேலை பார்த்த லாட்ஜில் கழித்துப்போட்ட கம்பளிகளைக் கொண்டுவந்து, மஞ்சு இறங்குகிற நாளெல்லாம் ஈர மண்கட்டிகளுக்குப் போர்த்திவிடுவீர்களே! "எனக்கு ஒத்தக் கம்பளி, ஒங்க கட்டிக்கு மூணா?" என்று சண்டைக்கு வருவேன். "நீ அடுப்புப் பக்கம் போயி குளிர் காஞ்சுக்குவ, அதுக்குக் காலா இருக்கு?" என்பீர்கள். நல்ல நியாயம்!

மனையில் தோண்டிய மண்ணில் துளி சிமெண்டு கலந்து, கைமெஷினில் அழுத்திய கட்டிகள். செங்கல் சுட்டால் விறகு போகும், மலைக்குக் கீழேயிருந்து லாரியில் ஏற்றினால் டீசல் போகும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். ஊர் சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன்.

முதல் அறைக்கு ஓடு போட்ட கையோடு காய்ச்சலில் கண்மூடிவிட்டீர்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உங்கள் தம்பி அருள் வந்து நின்றார். சர்க்கார் பெர்மிட்டில் வாங்கிய சிமெண்டில் வீடு கட்டிய பெருமை அவருக்கு. "மதினி, மழையில இது கரைஞ்சு ஒங்க மேல விழுந்தா ஊரு என்னையத்தான் கேக்கும். இடிச்சிட்டு வெரசா சிமெண்டுல கட்டிருவோம்."

எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. உங்கள் கையால் ஆனதில் எனக்கு மிஞ்சியது இந்தச் சுவர்தானே? "ஐப்பசி மழை போகட்டும் தம்பி, அப்பறம் பாப்போம்" என்றேன்.

மழை கொட்டித் தீர்த்தது. தினமும் வெள்ளனே எழுந்து சுவரைத் தடவிப் பார்ப்பேன். நீங்கள் அடம்பிடித்து வெளியே நீட்டிய கூரை சாரலைத் தடுத்தது. அடியில் நீங்கள் வைத்த கல்கட்டு தரை ஈரத்தை ஏறவிடவில்லை. சுவர் அசையவில்லை, மச்சான்.

போன வாரம் அருள் நனைந்துகொண்டு வந்தார். சுவரைத் தட்டினார், சாய்ந்து உட்கார்ந்தார், காப்பி ஆறுவதற்குள் தூங்கியே போனார்! விழித்ததும் என் முகத்தைப் பார்க்காமல், "மதினி, எங்க வீட்டுச் செவுரெல்லாம் ஓதம் ஏறிப் பூசணம் பூத்துக் கெடக்கு. சின்னவளுக்கு இருமல் நிக்கல. மழை விடுற மட்டும் நாங்க இங்கன இருந்துக்கிறட்டுமாங்க?" என்றார்.

வரச் சொன்னேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இப்போது எல்லாரும் இங்கேதான். பிள்ளையின் இருமலும் தணிந்திருக்கிறது. கட்டிய நீங்கள் மட்டும் இதில் ஒரு பொழுதுகூடப் படுத்து எழவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பாதியில் நிற்கிற அடுத்த அறையையும் மண்ணிலேயே முடிப்பேன். மெஷினை அழுத்த அருள் வருகிறாராம், மண் சலிக்க நான் இருக்கிறேன். ஒரு கட்டிகூட வெளியிலிருந்து வராது.

உங்கள் வீட்டை இடிக்க விடாத
உங்கள் மனைவி,
ரெஜினா