பாப்பாவின் வாயில் சின்னியின் குரல்

என் கண்ணே வசந்தி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், உன் மாமா, மாடியில் குடியிருக்கிற மஞ்சுளம்மா, உன் மகள், அவளோடு ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிரியா. ஆறாவதாக யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்று நடந்ததை நினைத்தால் நீயும் அங்கே உட்கார்ந்திருந்த மாதிரியே இருக்கிறது.

பாப்பாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. பர்கூர் பக்கம் காலேஜில் இரண்டாம் வருஷம். நீ காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஐந்து முடியவில்லை. அவள் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு என்னிடம்தான் வளர்கிறாள். என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அம்மா என்று கூப்பிட நான் பழக்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை காலேஜ் விழாவில் இவர்கள் ஒரு காமெடி நாடகம் போடுகிறார்கள். ஏதோ ஒரு சினிமாவை வைத்து எழுதியது. எங்களுக்கும் காட்டுகிறேன் என்று பாப்பா அந்தப் படத்தை டிவியில் போட்டாள். கதாநாயகனுக்கு உன் வியாதி. குக்கர் விசில் அடித்தால் குழந்தை ஆகிவிடுவான், செல்போன் அடித்தால் ரவுடி ஆகிவிடுவான். கல்யாணப் பந்தலில் இரண்டும் சேர்ந்து அடிக்கும். கடைசியில் மாமனார் தேங்காயால் மண்டையில் ஒன்று போடுவார். வியாதி போய்விடும், தாலி கட்டுவான்.

நான் எதையும் குறித்து வைக்கிறவள், உனக்குத் தெரியும். உனக்காக டாக்டரிடம் காட்ட எழுதிய நோட்டு இன்னும் சாமி அலமாரியில் இருக்கிறது. தேதி, மணி, வந்தது யார், எவ்வளவு நேரம் இருந்தாள். அந்தப் பழக்கத்தில் படத்தையும் எண்ணினேன். பதினொரு தடவை மாறினான். ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததும் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கவில்லை. நீ ஒவ்வொரு தடவையும் அதைத்தான் கேட்பாய். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும், பாப்பா தொட்டிலில் கத்திக்கொண்டிருக்கும், நீ சுவரைப் பிடித்துக்கொண்டு காலண்டரைப் பார்ப்பாய். நடுவில் போன நேரத்தில் என்ன செய்தோமோ என்று பயந்து என் முகத்தைப் பார்ப்பாய். அவனுக்கு அந்தப் பயமே இல்லை. அதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது.

படத்தில் ஆள் மாறினால் சுற்றி இருக்கிறவர்களுக்கு உடனே தெரிகிறது. நமக்கு எத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று? ஓசூரில் வாசலுக்கு வாசல் பாஷை மாறும். பால்காரரிடம் தெலுங்கு, வீட்டு ஓனரிடம் கன்னடம், உள்ளே வந்தால் தமிழ். உன் வாயில் சின்னப் பிள்ளைத் தெலுங்கு வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன். “என்னடி, சினிமா பாத்துட்டு வந்து நடிச்சுக் காட்டறியா?” என்று கேட்டேன். நீ கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, “நன்னு கொட்டொத்து” என்றாய். என்னை அடிக்காதே என்று. யாரும் கை ஓங்கவில்லை. பேர் என்ன என்றால் சின்னி என்றாய். என்னை அக்கா என்றுதான் அவளும் கூப்பிட்டாள்.

பேய் என்று சொல்லி வேப்பிலையால் அடிக்கிற இடத்துக்கும் நான்தான் கூட்டிப்போனேன். அடிக்காதே என்று கெஞ்சியவளை. சாமி பேரால் செய்த காரியம் அது, சாமி என்னை மன்னித்ததா என்று இதுவரை கேட்க முடியவில்லை. பிறகுதான் பெங்களூர் டாக்டர். நீளமான இங்கிலீஷ் பேர் ஒன்று சொன்னார். விலகல் அடையாளக் கோளாறு என்று இப்போது போனில் தமிழில் படிக்கிறேன். சின்ன வயதில் இவளுக்கு ஏதாவது நடந்ததா என்று அவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். எனக்குத் தெரிந்து என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா வசந்தி?

படம் முடிந்ததும் பாப்பா எழுந்து நாடகத்தை நடித்துக் காட்டினாள். ரவுடி வந்தபோது நானும் சிரித்தேன். பிரியா குக்கர் மாதிரி விசில் அடித்தாள். பாப்பா தோளைக் குறுக்கி, துப்பட்டா முனையை வாயில் வைத்துக்கொண்டு, “நன்னு கொட்டொத்து” என்றாள். அதே இழுப்பு. அதே மாதிரி கடைசி எழுத்தில் மூச்சு நின்றது.

மஞ்சுளம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சாக்கு சாக்கு, போதும்மா, சிரிச்சு சிரிச்சு வயிறு நோவுது.”

“செம்மடி, காலேஜே கவுந்துரும். எங்க புடிச்ச இந்தக் குரல?” என்றாள் பிரியா.

“தெரியலடி. தெலுங்குல பேசுன்னீங்க, தானா வந்துச்சு.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “பெரியம்மா, ஏன் சிரிக்கல? நல்லா இல்லயா?”

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். உன் மாமா பின்னாலேயே வந்து நின்றார்.

பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் பேசினார். “கொழந்தையில கேட்ட கொரலு, நாக்குல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அவ்ளோதான். நீ அதையும் இதையும் முடிச்சுப் போடாத.”

“கெளம்பறப்போ ஐடி கார்ட எங்க வெச்சேன்னு மூணு தடவ தேடினாளே.”

“நீ தெனம் மூக்குக் கண்ணாடியத் தேடற. உன்ன எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?”

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வந்தே தீரும் என்பதில்லை என்று போனில் போட்டிருக்கிறது, மூன்று தடவை படித்தேன். ஆனால் அன்று உன் வியாதியை நடிப்பு என்று நினைத்துச் சிரித்தவள் நான். இன்று இவள் நடிப்பைப் பார்த்து வியாதி என்று பயப்படுகிறேனோ? என் கண்ணை நானே எப்படி நம்புவது?

பாப்பாவுக்கு உன் வியாதி இதுவரை தெரியாது. நான் சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை உன் பயத்தைப் பார்த்து ஒரு மண்டபமே சிரிக்கும், சிரிக்க வைக்கிறவள் உன் மகள். அவள் அப்பா வழிச் சொந்தம் கிருஷ்ணகிரியில் இருக்கிறது. அவர்களில் யாராவது ஒரு நாள், உங்கம்மாவும் இப்படித்தான் என்று சொல்லிவிடுவார்கள். அன்று அவள் தன்னையே எப்படிப் பார்ப்பாள்? சொன்னாலோ, ஒரு சாவியை மறந்து வைத்தால்கூடத் தனக்கும் வந்துவிட்டதோ என்று நடுங்குவாள். நான் நடுங்குவது போதாதா?

செவ்வாய்க்கிழமை காலை மலைக்கோயிலில் பூப்போட்டுக் கேட்டேன். வெள்ளை வந்தால் சொல்வது, சிவப்பு வந்தால் விடுவது. வெள்ளை வந்தது. ஆனாலும் படி இறங்கும்போது மனசுப் பாரம் இறங்கவில்லை. காரணம் நீதான்.

காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாப்பாகிட்ட சொல்லிடாதக்கா, அம்மா பைத்தியம்னு நெனச்சுக்கும்” என்றாய். சரி என்றேன். அதற்கு ஒரு மாசம் முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தபோது சின்னி வந்தாள். தூங்குகிற பாப்பாவைப் பார்த்து, “பாப்பக்கி நா பேரு செப்பக்கா” என்றாள். என் பேரைப் பாப்பாவுக்குச் சொல்லு என்று. அதற்கும் சரி என்றேன். அவளுக்கு விளையாட்டாகச் சொன்ன சரி இல்லை அது. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு வாக்கும் நான் கொடுத்தது. ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போகும். சின்னி கேட்டது கணக்கில் வராது என்று நான் எப்படிச் சொல்வேன்? அப்படிச் சொன்னால் அந்தப் படம் எடுத்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

வியாழக்கிழமை காலை கிருஷ்ணகிரி பஸ் ஏறுகிறேன், அங்கிருந்து பர்கூர். மாமாவிடம் சொல்லிவிட்டேன், தடுக்கவில்லை. பாப்பாவை வெளியே கூப்பிட்டு உட்காரவைப்பேன். சொல்வதாக இருந்தால், சிரிக்கும்படியும் சொல்ல மாட்டேன், பயப்படும்படியும் சொல்ல மாட்டேன். நோட்டைக் கையில் கொடுத்து, அவள் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன். என்ன கேட்டாலும், தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வேன். இது சத்தியம். சொல்ல வேண்டாம் என்றால் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

நீ சொன்னாலும் சரி, சின்னி சொன்னாலும் சரி. வியாழக்கிழமை காலைக்குள் எனக்குப் பதில் வேண்டும்.

உங்கள் இரண்டு பேருக்கும் அக்கா,
செல்வி