ஈரல் காணவில்லை

ஏற்காடு,
திங்கட்கிழமை.

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்தாதே, தைலத்தை நம்பாதே. நான் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய், அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஒரு சின்னத் தகராறு. ஆடு அறுத்தால், சுகாதார ஆய்வாளரான நான் ஈரலைப் பார்த்த பிறகுதான் கறி விற்க வேண்டும். இங்கே நான் போவதற்குள் ஈரல் விற்றுவிடும். அலுவலக அலமாரியில் 1936ஆம் வருஷத்து நோட்டு கிடைத்தது. அந்தக் கால ஆய்வாளரும் அதில் வாராவாரம் எழுதியிருக்கிறார்: "ஈரல் காணவில்லை."

அதனால் நேற்று ஒண்டிக்கடை முக்கில் கறிக்கடைக்காரர் குழந்தைவேல் கத்தி தீட்டும்போதே போய் நின்றேன். ஈரலைக் கையில் வாங்கினேன். கர்ப்பிணி மகளுக்காக அதைச் சொல்லிவைத்திருந்த பூவாயி அக்கா, "ஏனுங்க சார், உங்க ஊட்டுலயும் யாராச்சும் மாசமா இருக்காங்களா?" என்றார். கடையே சிரித்தது.

அவர் கண்ணெதிரிலேயே கீறினேன். உள்ளே சீழ். சிரிப்பு நின்றது. பினாயிலை ஊற்றி அழித்தேன்.

"அந்த மூலைய மட்டும் அரிஞ்சு வீசுனாப் போதாதுங்களா?" என்று குழந்தைவேல் கத்தினார். "இனி ஏற்காட்டுல எந்தக் கடையிலயும் உங்களுக்குக் கறி கெடையாதுங்க!"

என்னை மாற்ற மனுக் கொடுக்கிறார்களாம். கொடுக்கட்டும். நான் பின்வாங்கமாட்டேன்.

நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ அனுப்பு. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்றும் எழுது; தினமும் சோறு மிஞ்சுகிறது.

பக்கத்து ஊர் வாழவந்திக்கு பஸ் வந்துவிட்டது. அங்கே இருக்கும் கறிக்கடைக்காரருக்கு இன்னும் என் முகம் தெரியாது.

மகன்,
மதியழகன்