ஒரே சுவர்

அன்புள்ள வீட்டு மேடத்துக்கு,

நம் வாத்துக்குட்டி பொடிசுகளின் நீச்சல் வகுப்பை முடித்துப் போட்டி வகுப்புக்குப் போய்விட்டாள். இத்தனை வருடம் அவளுக்குக் கோச் நான். இனி அவளுக்குக் கோச் வேறொரு அம்மா.

முதல் நாளே அந்தம்மா என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், போகும்போதும் சரி, வரும்போதும் சரி, அந்தச் சுவர்ப் பக்கமே திரும்பி மூச்செடுக்கிறா. அங்க யாரு நிப்பா?"

"நான்தான்." குளத்தோரம் அவள் கூடவே நடப்பேன், உனக்குத்தான் தெரியுமே.

"அப்ப கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதீங்க."

போகவில்லை. இன்று மனசு கேட்காமல் வாசல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மூச்செடுக்கிறாள். யாரையும் தேடவில்லை. சுத்தமான நீச்சல்.

எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. வெயிலாக இருக்கும்.

இனி அவளுக்கு
வெறும் அப்பா