முழங்கை மடங்கும் திசை

அக்டோபர் 11, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்துகள் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி சாய்கின்றன.

திங்கட்கிழமை டெப்போவில் என் பேருந்தை நிறுத்திவிட்டு இறங்கினேன். இருபத்திரண்டு வருடமாக இறங்குகிற படிதான். கால் வழுக்கி, மொத்த உடம்பும் வலது முழங்கை மேல் விழுந்தது. எலும்பில் விரிசல். நாலு வாரம் மாவுக்கட்டு. மறுபடி ஸ்டியரிங் பிடிக்க மூன்று மாதமாவது ஆகுமாம்.

மேலாளர் போன் செய்தார். "ஷூஃபெங், நீ இல்லாம எனக்கு வலது கையே போன மாதிரி இருக்கு."

"போனது என் கை சார்" என்றேன்.

அக்டோபர் 19, வெள்ளி

இடது கையில் சாப்பாட்டுக் குச்சி பிடித்து ஒரு முழுக் கொழுக்கட்டையை வாய்வரை கொண்டுபோய்விட்டேன். பார்த்துக் கைதட்ட வீட்டில் ஆளில்லை. நானே மேசையைத் தட்டிக்கொண்டேன்.

நவம்பர் 5, திங்கள்

கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே இருந்தது என் கைதானா? வெளுத்து, மெலிந்து, முள்ளங்கி மாதிரி. அதோடு மடங்கவும் மாட்டேன் என்கிறது. பாதி மடங்கியதும் துருப்பிடித்த கதவு போல நின்றுவிடுகிறது.

"வாரத்துக்கு மூணு நாள் பயிற்சிக்கு வாங்க. ரெண்டாவது மாடி, கடைசி அறை" என்றார் டாக்டர். போனேன். கதவைத் திறந்தால் — லீரோங்.

என் தம்பி ஜிங்தாங்கின் மனைவி. வேறு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் எப்போது இங்கே வந்தாள்? எனக்கு எப்படித் தெரியும்! பேசி மூன்று வருடம் ஆகிறதே.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவள் என் சீட்டை வாங்கிப் படித்தாள். "உக்காருங்க அக்கா" என்றாள். அவ்வளவுதான். பிறகு கையைப் பிடித்து மடக்கினாள். நட்சத்திரங்கள் தெரிந்தன.

"வலிச்சா கத்துங்க. கத்தாம பல்லைக் கடிக்கிறவங்களாலதான் எனக்குக் கஷ்டம்."

நான் பல்லைக் கடித்தேன்.

நவம்பர் 6, செவ்வாய்

எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வது.

டெப்போவில் ஜிங்தாங்கை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், "வேலையை விடறேன். லீரோங்கோட அண்ணன்கூட சேர்ந்து அவங்க ஊர் ஹுனான் கார நூடுல்ஸ் கடை போடப் போறேன்" என்றான். அதை என்னிடம் தனியாகச் சொல்லவில்லை. டெப்போவின் ஆண்டு விருந்தில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சொன்னான். எனக்கு முகம் சுட்டுப்போனது. சொந்தத்தை விட்டு வெளியாள் பக்கம் சாய்கிறவனைச் சொல்வோமே, அதைச் சொன்னேன். "உன் முழங்கை வெளிப்பக்கமாத்தான் மடங்குது." அதோடு நிறுத்தியிருக்கலாம். லீரோங்கின் பக்கம் திரும்பி, "இவ சிரிப்புக்குள்ள கத்தி இருக்கு" என்றும் சொன்னேன்.

அப்போது அவள் உண்மையாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 12, திங்கள்

கையை மடக்கிக்கொண்டே, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் லீரோங் சொன்னாள். "உள்பக்கம் மடங்க அடம்பிடிக்குது. நல்லவேளை, வெளிப்பக்கம் மடங்கலை."

நான் ஜன்னலைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் தோள்வலிக்காரர் ஒருவர், அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்தார்.

நவம்பர் 19, திங்கள்

பயிற்சியின் நடுவில் போன். வலது கை லீரோங்கின் பிடியில் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன். எங்கள் குடியிருப்பு அலுவலகத்து சாங் அம்மாள்.

"ஷூஃபெங்! டிசம்பர் எட்டு, மரபுத்தொடர்ப் போட்டி. ஒரு குடும்பத்திலேருந்து ரெண்டு பேர். ஒருத்தர் நடிக்கணும், ஒருத்தர் கண்டுபிடிக்கணும். இந்த வருஷம் தலைப்பு என்ன தெரியுமா? கை, ஆயுதம்! ரெண்டுல ஒண்ணு வர்ற தொடர் மட்டும்தான். உன் தம்பியைக் கூட்டிக்கிட்டு வா, ரெண்டு தடவை ஜெயிச்ச ஜோடியாச்சே!"

இந்த ஹன்டான் ஊரில் பால்காரன்கூட மரபுத்தொடரில்தான் சண்டை போடுவான். நான் மட்டும் மூன்று வருடமாகப் போட்டிப் பக்கமே போகவில்லை.

"எனக்கு ஜோடி இல்லை, அம்மா."

"நான் வர்றேன்னு சொல்லுங்க" என்றாள் லீரோங், கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீயா?"

"சட்டப்படி நானும் குடும்பம்தானே."

நான் பதில் சொல்வதற்குள் சாங் அம்மாள் பெயரை எழுதிக்கொண்டுவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

நவம்பர் 26, திங்கள்

கையை ஒரு தடவை மடக்கினால் ஒரு தொடர் சொல்ல வேண்டும். இதுதான் லீரோங்கின் கணக்கு.

"யார் துணையுமில்லாம தனியா இறங்கறது?"

"ஒற்றை ஈட்டி, ஒற்றைக் குதிரை — ஆ!"

"காரசாரமா வாக்குவாதம் பண்றது?"

"உதட்டு ஈட்டி, நாக்கு வாள் — ஐயோ, மெதுவா!"

"பேச்சு வெட்டும், உள்ளே மெத்துனு இருக்கும்: கத்தி வாய், தோஃபு மனசு. இது யாருக்குப் பொருந்தும்?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"கத்தி சரி. தோஃபுவை எங்கே பார்த்தே?"

அவள் யோசித்தாள். "இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளும்தான். அந்தச் சிரிப்பினுள் எதையாவது தேடினேனா? தேடினேன் என்றுதான் நினைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. வெறும் சிரிப்பு அது.

ஒரு கவலை. அவள் ஊர்க்காரர்களுக்கு 'ல'வும் 'ன'வும் ஒன்றுதான். நடுவர் கறாரானவர்.

நவம்பர் 30, வெள்ளி

"ஜிங்தாங்குக்குத் தெரியுமா?" கடைசியில் கேட்டேவிட்டேன்.

"சொல்லலை. சொன்னா ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிப்பீங்க. என் வைத்தியம் கெட்டுப்போகும்."

கை முன்னைவிட நன்றாக மடங்குகிறது. மூக்கைத் தொட்டேன். காது இன்னும் தூரத்தில்.

டிசம்பர் 8, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அரங்கில் இருநூறு பேர். நான் நடிப்பது, அவள் சொல்வது. முதல் அட்டை: வண்டியை மறிக்கும் கும்பிடுபூச்சிக் கை. என் வலது கை ஏற்கனவே அப்படித்தான் நிற்கிறது, சும்மா தூக்கிக் காட்டினேன். லீரோங் கத்திச் சொன்னாள். அரங்கு அதிர்ந்தது. அடுத்து, மூன்று தலை ஆறு கை. எனக்கு இருப்பதோ ஒன்றரை! எப்படியோ ஆடினேன், சொல்லிவிட்டாள். ஏழு அட்டை, ஏழும் சரி.

எட்டாவது அட்டையைத் திருப்பினேன். 'சிரிப்புக்குள் கத்தி.'

எதை நடிப்பேன்? அவளுக்கு எதிரே நின்று சிரித்து, இடுப்பிலிருந்து கத்தி உருவிக் காட்டவா? முடியவில்லை. கடிகாரம் ஓடுகிறது. அட்டையைப் பிடித்தபடி மரம் மாதிரி நிற்கிறேன். முகமெல்லாம் எரிகிறது. லீரோங் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியில், ரொம்ப சாதாரணமாக:

"நீங்க நடிக்கவே வேணாம் அக்கா. சிரிப்புக்குள்ள கத்தி."

அரங்கு கைதட்டியது, மனசைப் படிக்கிற ஜோடி என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணீர் மறைத்தது. அடுத்த அட்டையைத் தடவித்தான் எடுத்தேன்.

கடைசி அட்டை: வாளை உருவி விசைவில்லை இழுத்து நிற்பது. ஜெயிக்க இது ஒன்று போதும். சரியாகத்தான் சொன்னாள், ஆனால் விசைவில்லுக்கான 'நூ' என்ற சொல்லை 'லூ' என்று. நடுவர் இல்லையென்று தலையசைத்தார். "உச்சரிப்புத் தப்பு. மதிப்பெண் இல்லை."

அப்புறம் நான் செய்தது எனக்கே சரியாக நினைவில்லை. ஒலிவாங்கியைப் பிடுங்கினேன் என்று சொல்கிறார்கள். "அவ ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க! அர்த்தம் தப்பா? சொல்லுங்க, அர்த்தம் தப்பா? இவ எங்க வீட்டுப் பொண்ணு, இவ சொன்னா சரிதான்!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அக்கா! உன் முழங்கை இப்ப எந்தப் பக்கம் மடங்குது?"

ஜிங்தாங். சாங் அம்மாள்தான் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். ஒரு கையில் ஹெல்மெட், மாவு ஒட்டிய மேலங்கி. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

இரண்டாம் இடம். பரிசு ஒரு வெந்நீர்க் குடுவை.

வெளியே படிக்கட்டில் லீரோங்கைப் பிடித்து நிறுத்தினேன். "அன்னிக்கு விருந்துல நான் சொன்னது — நீ சூப் ஊத்திக்கிட்டிருந்தே. அநியாயம். என்னை மன்னிச்சுடு." மனப்பாடம் செய்திருந்தது இன்னும் நீளம். இவ்வளவுதான் வந்தது.

"அன்னிக்கு வீட்டுக்குப் போய் ரொம்ப அழுதேன்" என்றாள். "அதை நீங்க தெரிஞ்சுக்கணும்."

"தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்ப சரி."

ஜிங்தாங் வந்தான். என் கையிலிருந்த பரிசைப் பார்த்தான். "குடுவை யாருக்கு?" என்றான். மூன்று பேரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

டிசம்பர் 10, திங்கள்

பயிற்சி. இன்று கத்தினேன், நன்றாகவே. "இப்பத்தான் நோயாளி மாதிரி இருக்கீங்க" என்றாள் லீரோங். காதைத் தொட்டுவிட்டேன்.

ஜனவரி 9, புதன்

மறுபடி என் பேருந்து. முதல் திருப்பத்தில் கை முணுமுணுத்தது, பிறகு பழகிவிட்டது. ஏறியவர்களில் பாதிப் பேர், "எங்கே போயிருந்தீங்க?" என்றார்கள். ஓய்வெடுத்தேன் என்றேன்.

ஜனவரி 20, ஞாயிறு

விடுமுறை. மதியம் தம்பி கடைப் பக்கம் சும்மா போனேன். தெருவரை வரிசை நின்றது. லீரோங் விடுமுறை நாளில் இங்கேதான், கொதிக்கிற பாத்திரத்தின் முன்னால். தலையை நிமிர்த்தாமலே இரண்டு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "அக்கா, மூணாவது மேசை."

கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டவர் இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு காரமா?" என்றார்.

"எங்க கடையில அப்படித்தான்" என்றேன்.