மூன்றாம் காட்சி

ஜனவரி 9

அன்புள்ள டீச்சருக்கு,

நலம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம். சுற்றி வளைக்க எனக்கு வராது. ஆண்டு விழாவுக்கு எதற்காக அந்த நாடகத்தை எழுதினாய்?

பள்ளிக் குழுச் செயலாளர் என்ற முறையில் அப்பா அதைப் படித்துவிட்டு எனக்கும் அனுப்பியிருக்கிறார். புருஷன் அடித்தான் என்று ஒருத்தி பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அம்மா சோறு போடுகிறாள். அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விடிந்ததும் தம்பி பைக்கில் ஏற்றிக் கொண்டுபோய்ப் புருஷன் வீட்டிலேயே விடுகிறான். எங்கள் அக்கா கதையை உனக்கு யார் சொன்னது? நாம் கல்யாணம் செய்துகொள்ள இரண்டு மாதம்கூட இல்லை. அதற்குள் என் வீட்டை மேடையேற்ற வேண்டுமா?

அப்பா அனுமதிக் கையெழுத்துப் போடமாட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட நீ பேசுறியா, நான் பேசட்டுமா?" என்கிறார். பேசாமல் தண்ணீர் சேமிப்பு பற்றி ஒரு நாடகம் போடு. எல்லாரும் தூங்குவார்கள், சண்டை வராது.

கோபத்திலும் உன்னுடைய,
இன்ஜினியர்

ஜனவரி 16

அன்புள்ள இன்ஜினியர் சாருக்கு,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். உங்கள் அக்கா அப்படி வந்தார் என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதித்தான் தெரிகிறது.

நாடகம் நான் எழுதியதில்லை. வீட்டில் யாரும் பேசாத ஒரு விஷயத்தை எழுதுங்கள் என்று பதினொன்றாம் வகுப்புப் பெண்களிடம் சொன்னேன். ஏழு பேர் இதையே எழுதினார்கள். ஒருத்திக்கு அது சித்தி, ஒருத்திக்கு அடுத்த வீட்டு அக்கா. சோறு போடும் அம்மாகூட ஏழிலும் இருந்தாள். ஒட்டுப்போட்டது மட்டும்தான் நான்.

தம்பியாக நடிப்பவள் நேற்று கேட்டாள்: "பைக்ல போறப்ப ரெண்டு பேரும் என்ன டீச்சர் பேசிக்குவாங்க?" ஒருத்திக்கும் தெரியவில்லை. எல்லாரும் வாசலோடு நின்று பார்த்தவர்கள். மூன்றாம் காட்சி 'பைக்கில் போகிறார்கள்' என்பதோடு நிற்கிறது.

உங்களுக்குத் தெரியும், எழுதி அனுப்புங்கள். மேடை கிடைக்காவிட்டால் வகுப்பறையில் போடுவோம், வேலை போனால் போகட்டும். ஆனால் அந்த வழியில் என்ன பேசினீர்கள் என்று தெரியாமல் உங்கள் வீட்டுக்கு என்னால் வாழ வர முடியாது.

'உங்களுடைய' என்று எழுதத் தயங்கும்,
டீச்சர்

ஜனவரி 21

டீச்சருக்கு,

ஒன்றும் பேசவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தேன். காட்சியை எடுத்துவிடு.

இன்ஜினியர்

பிப்ரவரி 2

அன்புள்ள டீச்சருக்கு,

போன கடிதத்தில் நான் எழுதியது பொய்யில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் அளந்துவிட்டு நான் எந்தத் தூணையும் எழுப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா புருஷன் வெளியே போயிருந்தார்.

"அன்னிக்கு பைக்ல ஏதாவது சொன்னியாக்கா?"

துணி மடித்துக்கொண்டே சிரித்தாள். "இப்பதான் கேக்கத் தோணுச்சா உனக்கு? மெதுவாப் போடா, மெதுவாப் போடான்னு சொல்லிட்டே வந்தேன். நீ வேலைக்கு நேரமாச்சுன்னு பறந்தே."

"பயந்துட்டியா?"

"வண்டிக்கு யாருடா பயந்தா? கொஞ்சம் லேட்டாப் போய்ச் சேரலாமேன்னுதான்."

மூன்றாம் காட்சி இவ்வளவுதான். நீயாக வசனம் எதுவும் சேர்க்காதே. தம்பிக்குப் பேச்சே வேண்டாம்.

பையை எடுத்து வை என்றேன். "எந்த வீட்டுக்குடா?" என்று கேட்டாள். இப்போது பாலம் கட்டும் இடத்தில், என் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். நான் போடும் டீயை வாயில் வைக்க முடியவில்லையாம். அப்பாவிடம் சொன்னேன். கையெழுத்தும் கிடையாது, கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று போனை வைத்துவிட்டார்.

வகுப்பறையிலேயே போடுங்கள். அக்காவைக் கூட்டி வருகிறேன். அவள் தப்பு என்று சொல்லும் இடத்தைத் திருத்திக்கொள்.

அந்த வீட்டுக்கு நீ வர வேண்டியதில்லை. இங்கே வருவதாக இருந்தால் இரண்டு அறை, ஒரு அடுப்பு, ஒரு நாத்தனார். நன்றாக யோசித்தே எழுது.

இன்ஜினியர்