சுழியை மறக்கடித்த சீட்டு

1968, தை மாதம், செவ்வாய் இரவு.

கிடாரி எவ்வளவு சாது என்று காட்ட அதன் வாலைப் பிடித்தேன். வேட்டி முழுக்கச் சாணி. வாங்க வந்த ராசிபுரத்துக்காரர் அதற்குச் சிரித்தார். கழுத்துச் சுழியைப் பார்த்ததும், "இந்தச் சுழி வீட்டுக்கு ஆகாதுங்க" என்று நகர்ந்தார். கிடாரி விற்றால்தான் மகள் செல்விக்கு ஆஸ்டல் படிப்பு.

அவளே சீட்டை நீட்டினாள். தாய்ப்பசு தினமும் கறந்த பால், கிடாரிக்கு அப்பனான மாட்டாஸ்பத்திரி ஜெர்சிக் காளையின் நம்பர், எல்லாம் அவள் கையெழுத்து.

"ஏனுங்க, இதை மொதல்லயே காட்டறதில்லீங்களா?" என்றவர், துண்டுக்கடியில் என் விரலைப் பிடித்து விலை சொன்னார். நான் நினைத்ததற்கு மேலே! அவரை வழியனுப்ப, ஊர்ச் சோளக்காடே என்னுடையது போல நடந்தேன்.

"அடுத்த கன்னையும் சீட்டோட எனக்கே குடுங்க."

"ஆகட்டுங்க" என்றேன். அதற்கு அப்பன் யாரென்று மேயப்போன இடத்தில் சினையாகி வந்த பசுவுக்குத்தான் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.